பதினேழாவது கேள்வி

ஜூன் 3

நூலாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. அதனால் புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள பதிப்பக முகவரிக்கு அனுப்புகிறேன். முன்னட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முன்னுரையின் கீழே உங்கள் கையெழுத்து மட்டும் இருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரு தானியக் கிடங்கில் எடைமேடை இயக்குகிறேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. கணினிப் பிரிவுக்கு மாற வேண்டுமானால் சி மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். என் வயதுக்கு வரும் டிசம்பர் தேர்வுதான் கடைசி. மாலை வகுப்பில் சேர்ந்து, உங்கள் புத்தகத்தை வைத்துத்தான் படித்தேன். சென்ற தேர்வில் முப்பத்தெட்டு மார்க். தேற நாற்பது வேண்டும்.

விடைத்தாளின் நகல் வாங்கிப் பார்த்தேன். பதினேழாவது கேள்விக்கு ஐந்து மார்க், எனக்குச் சுழியம். கேள்வி உங்கள் புத்தகத்தின் 142ஆம் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்தது:

char *a = "POO";
char *b = "MARAM";
strcat(a, b);
printf("%s", a);

திரையில் என்ன தோன்றும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு POOMARAM என்று வரும் என்கிறது உங்கள் புத்தகம். தேர்வு வாரியத்தின் விடைக்குறிப்பும் அதையே சொல்கிறது. நான் எழுதியது இது: “இந்த புரோகிராமை ஓட்டக் கூடாது. a-வில் POO-வுக்கு மட்டும்தான் இடம். அதன் பின்னால் MARAM-ஐ ஒட்டினால் பக்கத்தில் இருப்பது அழியும். என்ன தோன்றும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.” அதன் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு.

நான் எழுதியதுதான் சரி. நீங்கள் வாரியத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தேர்வு எண் 20318


ஜூன் 14

தேர்வு எண் 20318 அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பதிப்பகத்தார் கல்லூரி முகவரிக்கு அனுப்பிவைத்தார்கள். விடைக்குறிப்பைத் தயாரித்தது எங்கள் துறை. தேர்வு எழுதியவர் எங்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதுவது முறையல்ல. இருந்தாலும் ஒரு முறை பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்த நூல் ஆறு பதிப்புகள் கண்டது. 142ஆம் பக்கத்து நிரலை எங்கள் ஆய்வகத்தில் பலமுறை இயக்கியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் POOMARAM என்றே வந்திருக்கிறது. கேள்வி ‘என்ன தோன்றும்’ என்பது. அதற்கு நீங்கள் விடை எழுதவில்லை, விமர்சனம் எழுதியிருக்கிறீர்கள்.

முப்பத்தெட்டு வாங்கியவர் இந்த ஐந்தை விட்டுவிட்டு, மீதி ஐம்பத்தேழு மதிப்பெண் எங்கே போயிற்று என்று யோசித்தால் டிசம்பருக்கு உதவும்.

நூலாசிரியர்


ஜூன் 21

மேடம்,

ஐம்பத்தேழு எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபது அணிவரிசையில் போனது, மீதி சுட்டிகளில். அதெல்லாம் என் தப்பு. அதற்காக ஒரு நாளும் உங்களுக்குக் கடிதம் வராது. இந்த ஐந்து மட்டும் உங்கள் தப்பு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

இடம் இல்லாத இடத்தில் எழுத்தை ஒட்டினால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் சீட்டில் ஓட்டுநர் பெயருக்கு ஒரு கட்டம், அதற்கு அடுத்து எடைக்கு ஒரு கட்டம். நாலு வருடத்துக்கு முன்பு, பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து அச்சடிக்கும்படி மாற்றினார்கள். ஒரு நாள் நீளமான பெயர்க்காரர் ஒருவர் லோடோடு வந்தார். பெயரின் வால் எடைக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எடை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இரண்டு எழுத்து. “நீங்கதான் தப்பா அடிச்சிருப்பீங்க” என்றார் மேலாளர். மூன்று நாள் லாரி வாசலிலேயே நின்றது. ஓட்டுநர் என்னைப் பேசாத பேச்சில்லை. கடைசியில் மேலாளரைப் பக்கத்தில் நிற்க வைத்து அதே பெயரை மறுபடியும் அடித்தேன். மறுபடியும் அதே இரண்டு எழுத்து. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. புரோகிராமை மட்டும் திருத்தினார்கள். நான் மாலை வகுப்பில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஆய்வகத்தில் POOMARAM வரும் என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் மாலை வகுப்பில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலும் வந்தது. ஆனால் கிடங்கின் கணினிப் பிரிவில் புதிது ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டு அதில் ஓட்டினேன். ஒரு எழுத்துகூடக் காட்டாமல் அப்படியே நின்றுவிட்டது.

உங்கள் பழைய கம்ப்யூட்டரிலேயே ஒன்று செய்யுங்கள். கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்து b-ஐயும் அச்சடியுங்கள். என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். என் வகுப்பில் வந்ததை நான் சொல்லமாட்டேன். நீங்களே பாருங்கள்.

20318


ஜூலை 18

மேடம்,

நாலு வாரம் ஆயிற்று. ஒரு வரி சேர்த்து ஓட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். முதல் கடிதத்துக்குப் பதினோரு நாளில் பதில் போட்டவர் நீங்கள்.

போட்டுப் பார்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

20318


ஜூலை 29

அன்புடையீர்,

ஆம், பார்த்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே, மதிய இடைவேளையில், ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் பார்த்தேன். முதல் வரியில் POOMARAM. இரண்டாவது வரியில் ARAM.

மரம் இருந்த இடத்தில் அரம். ஏன் என்பதும் உடனே புரிந்துவிட்டது. அந்தப் பழைய கம்ப்யூட்டரின் கம்பைலர் இரண்டு சொற்களையும் நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கிறது. POO-வின் மூன்று எழுத்து, அது முடிந்தது என்பதற்கான குறி, உடனே MARAM. ஒட்டும்போது M போய் முடிவுக்குறியின் இடத்தில் உட்கார, பின்னால் உள்ள எழுத்துகள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் நகர்ந்துவிடுகின்றன. முதல் சொல்லை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். நான் பதினோரு வருடம் முதல் சொல்லை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பார்த்த பிறகும் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். பயம்தான். போன வாரம் வகுப்பில் 142ஆம் பக்கம் வந்தது. வழக்கம்போல் நடத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “மேடம், b-யையும் பிரிண்ட் பண்ணிப் பாக்கலாமா?” என்று கேட்டாள். “அதெல்லாம் தேவையில்லம்மா, அடுத்த பக்கம் எடு” என்று சொல்லிவிட்டேன். அவள் பக்கத்தைப் புரட்டினாள். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

துறைத் தலைவரிடம் சொன்னேன். அட்டையில் முதலில் இருக்கும் பெயர் அவருடையது. புத்தகம் முழுக்க எழுதியது நான். “அடுத்த பதிப்புல சத்தம் போடாம மாத்திடுங்க. வாரியத்துக்குப் போனா அத்தனை விடைத்தாளையும் மறுபடி திருத்தணும். உங்களுக்கு ஆகஸ்ட்ல பதவி உயர்வு நேர்காணல் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்” என்றார்.

உங்களுக்காக ஒன்று மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். வாரியம் உங்களுக்கு இரண்டு கருணை மதிப்பெண் கொடுக்கும். நாற்பது ஆகிவிடும், நீங்கள் தேறிவிடுவீர்கள். படிவம் இந்த வாரம் வரும். தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். இதோடு முடித்துக்கொள்வோம்.

நூலாசிரியர்


ஆகஸ்ட் 5

மேடம்,

படிவம் வந்தது. மூன்றாவது பத்தியைப் படித்தீர்களா? ‘விடைத்தாள் திருத்தத்தில் பிழை ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, கருணை மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று இருக்கிறது.

என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். “ரெண்டு மார்க்குதானே வேணும், குடுக்கிறாங்க, வாங்கிட்டுப் போயேன். உனக்கு எதுக்கு ஊர் வம்பு?” என்றார்.

“உங்க பிரேக் சரியாத்தான் இருந்துச்சு, டிரைவர் பாவம்னு உங்களுக்குச் சம்பளம் தர்றோம்னு எழுதி நீட்டினா கையெழுத்துப் போடுவீங்களா?” என்று கேட்டேன்.

“நீ கேக்கிறதே எனக்குப் புரியல” என்றார். பிறகு, “சரி, போடாதே” என்றார். எங்கள் வீட்டில் சண்டை அப்படித்தான் முடியும்.

எனக்குக் கருணை வேண்டாம். நான் எழுதியது சரி என்றால் ஐந்து கொடுங்கள், தப்பு என்றால் சுழியத்தை அப்படியே வையுங்கள். நடுவில் இந்த இரண்டு எங்கிருந்து வந்தது? படிவத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்பிவிட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என்னைப் போல் எழுதிச் சுழியம் வாங்கியவர்கள் வேறு எத்தனை பேர்? அவர்களுக்கு உங்கள் முகவரி தெரிந்திருக்காது. யாரும் கடிதம் எழுதவில்லை என்பதற்காக அப்படி யாருமே இல்லை என்று ஆகிவிடாது.

கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது உங்கள் பாடு.

20318


செப்டம்பர் 2

அக்கா,

அப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். எனக்கு வயது முப்பத்து நான்கு.

உங்கள் கேள்விக்குப் பதில்: உங்களையும் சேர்த்து ஒன்பது பேர். விடைத்தாள்கள் ஆறு மாதம் எங்கள் கல்லூரியில்தான் இருக்கும். அறையின் சாவி திருத்துநர்களான எங்களிடம் உண்டு. நாலு நாள் உட்கார்ந்து 612 தாள்களையும் புரட்டினேன். ஒருவர் ‘இடம் போதாது’ என்று இரண்டே சொல் எழுதியிருக்கிறார். ஒருவர் கட்டம் கட்டமாகப் படமே போட்டிருக்கிறார். ஒருவர் சரியாக எழுதிவிட்டு, பயந்துபோய் அடித்து, கீழே POOMARAM என்று எழுதியிருக்கிறார். அவருக்கு மட்டும் ஐந்து கிடைத்திருக்கிறது. அவரை ஒன்பதில் சேர்க்கவில்லை. ஒன்பது பேரில் உங்களோடு சேர்த்து நான்கு பேர் இந்தக் கேள்வியால் தோற்றிருக்கிறீர்கள். அந்தச் சிவப்புக் கோடுகளில் மூன்று என் கையால் போட்டவை. உங்கள் தாளில் இருப்பதும் என்னுடையதுதான்.

அடுத்த நாள் வகுப்பில் 142ஆம் பக்கத்தை மறுபடியும் எடுக்கச் சொன்னேன். b-ஐ அச்சடிக்கும் வரியை அந்த மாணவியையே வந்து தட்டச்சு செய்யச் சொன்னேன். ARAM வந்ததும் வகுப்பு முழுக்கச் சிரித்தது. “புத்தகம் தப்பு, நான் எழுதினது” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பையன் மட்டும், “அப்ப பரீட்சைக்கு எதை மேடம் எழுதறது?” என்றான்.

வாரியத்துக்கு என் பெயரிலேயே எழுதிவிட்டேன். ஒன்பது தேர்வு எண்களையும் குறிப்பிட்டேன், நகல் இதோடு இருக்கிறது. துறைத் தலைவரிடம் நகலைக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. “மேசை மேல வச்சுட்டுப் போங்க” என்றார். நேர்காணலுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. திருத்துநர் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள், சாவியை ஒப்படைத்துவிட்டேன்.

இதையெல்லாம் அனுதாபத்துக்காக எழுதவில்லை. நீங்கள் ஜூன் மாதமே கேட்ட ஒரு வரியை எழுதி முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதைச் சொல்லத்தான்.


அக்டோபர் 9

மேடம்,

அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். என் தாளில் கோடு போட்டவர் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்க எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

போன மாதம் நானும் வாரிய அலுவலகத்துக்குப் போய் ஒரு மனு கொடுத்தேன், மார்க்குக்கு அழுகிறேன் என்றார்கள். வாரியத்தின் பதில் எனக்கும் வந்தது: ‘விடைக்குறிப்பு இறுதியானது.’ மூன்றே சொல்லாக இருந்தால்கூட மதித்திருப்பேன். இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். உங்களுக்கும் இதேதான் வந்திருக்கும். வருத்தப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எடைமேடையில் தினமும் பார்க்கிறேன். சண்டை போட வந்தவரை முதல் தடவை துரத்தத்தான் செய்வார்கள்.

டிசம்பர் தேர்வு எழுதப் போகிறேன். இந்தத் தடவை இரண்டு மார்க்குக்காக யாரிடமும் நிற்கிற நிலை வரக் கூடாது. அந்த ஐம்பத்தேழை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். லாரி வராத நேரத்தில் கண்ணாடி அறையில் புத்தகம் திறந்திருக்கும். உங்கள் புத்தகம்தான். வேறு நல்ல புத்தகம் கிடைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை.

160ஆம் பக்கத்தில் சுட்டிக்குச் சுட்டி என்று ஒன்று வருகிறதே, ஆறு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. நீங்கள் இப்போது திருத்துநர் இல்லை என்பதால் கேட்கிறேன். இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன்.

20318


அக்டோபர் 16

அக்கா,

160ஆம் பக்கம் புரியாதது உங்கள் குறை இல்லை. அதை நான் அவசரத்தில் எழுதினேன். நான்கு தாளில் புதிதாக எழுதி இணைத்திருக்கிறேன். புரியாத இடத்தில் தயங்காமல் என்னைத் திட்டவும்.

வாரியம் எனக்கு எழுதிய பதிலில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: ‘தாங்கள் பாதிக்கப்பட்ட தேர்வர் அல்லர்.’

புத்தகத்துக்கு என்னால் முடிந்ததைச் செய்தேன். பதிப்பகத்தின் கிடங்கில் விற்காமல் இருந்த பிரதிகள் எல்லாவற்றிலும் 142ஆம் பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. கடைசி பெஞ்சு மாணவி பசையோடு கூட வந்தாள்.


டிசம்பர் 12

தங்கச்சிக்கு,

நேற்றுத் தேர்வு முடிந்தது.

ஒன்பதாவது கேள்வியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதே புரோகிராம். POO-வுக்கும் MARAM-க்கும் பதிலாக வேறு இரண்டு சொல். மற்றபடி ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஐந்து மார்க். உங்கள் பழைய பதிப்பை வைத்து யாரோ எடுத்திருக்கிறார்கள்.

பொய் சொல்லமாட்டேன், சபலம் தட்டியது. இதுதான் எனக்குக் கடைசித் தேர்வு. இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதினால் ஐந்து மார்க் கையில். யாருக்கும் தெரியப் போவதில்லை. உங்களுக்குக்கூட நான் சொல்லியிருக்கமாட்டேன். மற்ற கேள்விகளை எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து, “நேரம் ஆகுதும்மா, தெரிஞ்சதை எழுதுங்க” என்றார்.

தெரிந்ததை எழுதினேன். இந்த புரோகிராம் தவறு என்று முதல் வரி. ஏன் என்று நாலு வரி. பிறகு a-வை இருபது எழுத்துக்கு இடமுள்ள அணிவரிசையாக அறிவித்து, ஒட்டுவதற்கு முன்னால் இரண்டின் நீளத்தையும் கூட்டி, இடம் போதுமா என்று பார்த்து, அதன் பிறகு ஒட்டும்படி முழு புரோகிராமையும் எழுதினேன். மணி அடிக்கும்போது கடைசி அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

யார் திருத்தினாலும் சரி, சுழியம் போடட்டும். அவர்கள் கை வலிக்கும் வரை போடட்டும்.


ஜனவரி 27

அக்கா,

முடிவுகள் வந்ததும் முதலில் உங்கள் எண்ணைத்தான் பார்த்தேன். அறுபத்தாறு. அலுவலகத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்துவிட்டேன். நான் இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறேன். சின்னது, ஆய்வகத்தில் பத்துக் கணினிதான். பழைய இடத்தில் எனக்கு வகுப்பே கொடுக்காமல் உட்கார வைத்திருந்தார்கள். நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்காக நீங்கள் ஒரு வார்த்தைகூட வருத்தம் தெரிவிக்கக் கூடாது.

உங்கள் ஒன்பதாவது கேள்விக்கு என்ன போட்டார்கள்? என் பழைய மாணவர்களில் முப்பத்தொரு பேர் நீங்கள் எழுதியதைப் போலவே எழுதியிருக்கிறார்கள். எதை எழுதுவது என்று அன்று கேட்ட பையனும் அதில் உண்டு. அவர்கள் எண்களையும் இணைத்திருக்கிறேன்.


பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

சுழியம். நகல் வாங்கிப் பார்த்தேன். இந்தத் தடவை குறுக்குக் கோடு பச்சை மையில். அது இல்லாமலேயே அறுபத்தாறு.

திங்கட்கிழமை கணினிப் பிரிவில் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனேன். விண்ணப்பம் வாங்குகிற மனிதர் என் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். “நீங்கதான் பாஸ் ஆயிட்டீங்களேம்மா, அப்புறம் எதுக்கு இந்த அஞ்சு மார்க்கு?” என்றார்.

“பாஸ் ஆனதாலதான் வந்திருக்கேன். ஃபெயிலா இருந்தப்ப வந்தேன், மார்க்குக்கு அழறேன்னு சொன்னீங்க. இப்பச் சொல்லுங்க, இது சரியா தப்பா?”

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, விரல் வைத்துக் காட்டினார். விடைக்குறிப்பை எதிர்த்து மனு கொடுக்கப் பாதிக்கப்பட்ட தேர்வர் ஒருவரும் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் எடுக்கமாட்டார்கள். போன வருடம் நான் தனியாகப் போட்டேன், நீங்கள் தனியாகப் போட்டீர்கள். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து மூடிவிட்டார்களாம். “அப்பவே சொல்லியிருக்கலாமே?” என்றேன். “நீங்க கேக்கலையேம்மா” என்றார்.

மனுவை எழுதிவிட்டேன். அன்றைய ஒன்பது எண், இப்போது உங்கள் பிள்ளைகள் முப்பத்தொன்று, என்னுடைய இரண்டாவது எண், எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஐந்து.

அடுத்த திங்கள் காலை பத்தரை மணி, மூன்றாவது கவுண்டர். நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று குழம்ப வேண்டாம். அங்கே யாருடைய குரல் வாசல்வரை கேட்கிறதோ, அவள்தான் உன் அக்கா.